எக்மோன்ட் பிரபு ஏன் தப்பி ஓடவில்லை?

பதினாறாம் நூற்றாண்டில் நெதர்லாந்து ஸ்பெயின் மன்னர் இரண்டாம் ஃபிலிப்பின் ஆட்சியில் இருந்தது. மன்னரோடு முரண்பட்ட ஆரஞ்சு இளவரசர் வில்லியம் நேரம் பார்த்து நெதர்லாந்தைவிட்டு வெளியேறிவிட்டார். அவருடைய சகாவான எக்மோன்ட் பிரபு மட்டும் ஏன் மன்னர் அனுப்பிய தளபதி ஆல்பா கோமகனின் கையில் சிக்கித் தலையைக் கொடுத்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏமாளி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுபவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், 1565ல் அவர் ஸ்பெயினுக்குத் தூது போன கதையைப் படிக்கும்வரை.

அதற்கு முன்பே அவர் பெரிய வீரர். 1557ல் சேன்ட் குவென்டினிலும் மறு ஆண்டு கிராவ்லினிலும் குதிரைப்படையோடு பாய்ந்து பிரெஞ்சுக்காரர்களைச் சிதறடித்தவர். இரண்டாம் ஃபிலிப்புக்கும் இங்கிலாந்து அரசி மேரிக்கும் நடந்த திருமணப் பேச்சுக்காகக் கடல் கடந்து போனவரும் அவர்தான். மன்னரின் உப்பைத் தின்றவர், மன்னருக்காக ரத்தம் சிந்தியவர். ஃபிளாண்டர்ஸ் மாகாணத்தின் ஆளுநர் பதவியும் அவரிடம் இருந்தது.

புராட்டஸ்டன்ட்களுக்கு எதிரான மதச் சட்டங்களின் கடுமையைத் தணிக்க வேண்டும் என்று கேட்கத்தான் 1565ல் அவரை மாட்ரிட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே ராஜ உபசாரம். பண விஷயத்திலும் மன்னர் தாராளம் காட்டினார். கோரிக்கைக்கு மட்டும் கிடைத்தது 'ஆகட்டும் பார்க்கலாம்' வகைப் பதில். எக்மோன்டின் காதில் விழுந்ததோ 'ஆகட்டும்' மட்டும்தான். மகிழ்ச்சியோடு ஊர் திரும்பி, மன்னர் இணங்கிவிட்டார் என்கிற மாதிரி பேசினார். அக்டோபரில் செகோவியாவிலிருந்து மன்னரின் கடிதங்கள் வந்தன: சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறாது. போர்க்களத்தில் எதிரியின் அசைவைச் சட்டென்று படித்தவருக்கு அரசவைச் சிரிப்பைப் படிக்கத் தெரியவில்லை.

1566 ஆகஸ்டில் தேவாலயச் சிலைகளை உடைக்கும் கலகம் வெடித்தது, அதுவும் அவருடைய ஃபிளாண்டர்ஸிலேயே. கொந்தளிப்பை அடக்க, சில இடங்களில் புராட்டஸ்டன்ட் பிரசங்கங்களை அனுமதித்தார். பிறகு கலகக்காரர்களைத் தண்டிக்கவும் செய்தார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதே நிலைதான்: அங்கே மிதமாக நடந்ததே பின்னாளில் குற்றச்சாட்டானது, தண்டித்ததற்கு எந்த வரவும் வைக்கப்படவில்லை. 1567ல் மன்னருக்குப் புதிதாக விசுவாசப் பிரமாணம் எடுக்கச் சொன்னபோது வில்லியம் மறுத்துவிட்டு ஜெர்மனிக்குப் போனார். எக்மோன்ட் எடுத்தார்.

ஓடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும் என்று அவர் கருதியிருக்கலாம். மனைவி சபீனா, ஏராளமான பிள்ளைகள், நிலபுலன் எல்லாம் இங்கேதான். அதோடு அவர் 'தங்கக் கம்பளி' என்ற உயர்குடி வீரர் சங்கத்து உறுப்பினர். உறுப்பினரைச் சக உறுப்பினர்கள் மட்டுமே விசாரிக்கலாம் என்பது அதன் சிறப்புரிமை. அதை மலைபோல நம்பியிருந்தார். ஆல்பா அதைச் சட்டை செய்யவே இல்லை.

ஆல்பா படையோடு வந்தபோது எக்மோன்ட் எதிர்கொண்டு போய் வரவேற்றார். செப்டம்பர் 9ல் கைது. அடைத்த இடம் கெண்ட் கோட்டை, அவரே ஆளுநராக இருந்த மாகாணத்தில். 1568 மே 23ல் வில்லியமின் தம்பி லூயி ஹைலிகர்லேயில் ஸ்பானியப் படையை வென்றதும், வடக்கே கிளம்பும் முன் கைதிகளின் கணக்கை முடிக்க ஆல்பா அவசரப்பட்டார். கடைசி இரவில் எக்மோன்ட் மன்னருக்கே கடிதம் எழுதினார், மனைவி மக்களைக் காக்கும்படி. ஜூன் 5ல் பிரஸ்ஸல்ஸ் பெரிய சதுக்கத்தில் அவருடைய தலையும் அவரோடு கைதான ஹோர்ன் பிரபுவின் தலையும் வெட்டப்பட்டன.

ஹோர்னின் தம்பி மொந்திஞ்ஞியும் 1566ல் ஸ்பெயினுக்குத் தூது போனவர். அவர் திரும்பி வரவே இல்லை. 1570ல் சிமான்காஸ் கோட்டைக்குள் ரகசியமாகக் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டு, நோயில் இறந்ததாக அறிவித்தார்கள்.