மிக்சி சத்தத்தில் பிங்க் ஃபிளாய்ட்

கேள்வி: எனக்கு 51 வயது. ஹாஸ்டலில் சீனியர் ஒருவர் பதிந்து கொடுத்த கேசட்டில் பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பம் கேட்டதிலிருந்து என் காதே மாறிவிட்டது. இப்போது நல்ல ஸ்பீக்கர், ரெக்கார்டு பிளேயர், எல்பி எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். என் மனைவிக்கோ ஃப்ளீட்வுட் மேக் குழுவின் 'ரூமர்ஸ்' போதும். அவர் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த கேசட்டில் கேட்டுப் பழகியது. வெறும் பாப், நாலு காதல் பாட்டு. 'டார்க் சைட்' அப்படியில்லை; ஒரே மூச்சில், இடையில் எழுந்திருக்காமல் கேட்க வேண்டிய, உலகமே கொண்டாடும் படைப்பு. எத்தனையோ முறை பக்கத்தில் உட்கார வைத்து விளக்கிவிட்டேன். நல்ல இடம் வரும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்ப்பேன், ஒரு மாற்றமும் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை கிளேர் டோரி பாடும் இடத்தில் எழுந்துபோய் மிக்சியைப் போட்டார். கேட்டால், "இட்லிப் பொடி அரைக்க வேண்டாமா?" என்கிறார். கல்லூரியில் படிக்கும் மகளும் அம்மா பக்கம். நல்ல இசையை இவருக்கு எப்படிப் புரியவைப்பது?
- வாசகர், கோவை

பதில்: மிக்சி விஷயத்தில் நான் உங்கள் பக்கம். 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' ஓடிக்கொண்டிருக்கும்போது அரைத்தே ஆகவேண்டிய அளவுக்கு இட்லிப் பொடிக்கு அவசரம் கிடையாது. கிளேர் டோரி அதைப் பாடியதும் 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். பாட்டுக்கு வரிகள் இல்லை. என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லவும் யாருமில்லை. தன் குரலையே ஒரு வாத்தியமாக நினைத்துக்கொண்டு பாடிக் கொடுத்துவிட்டு, 30 பவுண்டு வாங்கிக்கொண்டு கிளம்பினார். அந்த மெட்டில் தனக்கும் பங்கு உண்டு என்று 2004-இல் வழக்குப் போட்ட பிறகுதான் குழுவில் கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்டின் பெயரோடு அவர் பெயரும் சேர்ந்தது. ஆக, அந்தக் குரலின் மதிப்புத் தெரியாமல் நடந்துகொண்ட முதல் ஆள் உங்கள் மனைவி இல்லை.

சரி, இந்த 'இடையில் எழுந்திருக்காமல்' என்ற சட்டம் எங்கிருந்து வந்தது? உங்களிடம் இருப்பது எல்பி. முதல் பக்கம் அந்தப் பாட்டோடு முடிகிறது; 'மணி' என்ற அடுத்த பாட்டு இருப்பது மறுபக்கத்தில். நீங்களே எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட்டால்தான் மீதி ஆல்பம். உங்கள் மனைவி ஒரு நாலு நிமிடம் முந்திவிட்டார், அவ்வளவுதான். அசையாமல் கேட்கும் பழக்கம் உங்களுக்குக் கேசட்டால் வந்திருக்க வேண்டும். 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கத்தில் 'டார்க் சைட்' முழுவதும் அடங்கிவிடும். 'ரூமர்ஸ்' அதைவிடச் சிறியது, மறுபக்கத்தில் தாராளமாக அடங்கும். உங்கள் சீனியர் மறுபக்கத்தில் என்ன பதிந்து கொடுத்தார் என்று நீங்கள் எழுதவில்லை.

'நாலு காதல் பாட்டு' என்ற பேச்சைத்தான் என்னால் விடமுடியவில்லை. 'ரூமர்ஸ்' காதல் ஆல்பமே கிடையாது, சார். 1976-இல் கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் குழுவின் ஐந்து பேரும் ஸ்டூடியோவுக்குள் போனபோது, கிறிஸ்டின் மெக்வீயும் ஜான் மெக்வீயும் கணவன் மனைவியாக இருந்து பிரிந்துவிட்டிருந்தார்கள். ஸ்டீவி நிக்ஸுக்கும் லிண்ட்சி பக்கிங்ஹாமுக்கும் இடையே காதல் முறிந்துகொண்டிருந்தது. டிரம்ஸ் வாசித்த மிக் ஃப்ளீட்வுட்டின் வீட்டிலும் நிலைமை சரியில்லை. ஆனாலும் யாரும் குழுவை விட்டுப் போகவில்லை. ஸ்டீவியைக் குத்திக் காட்டி பக்கிங்ஹாம் எழுதிய 'கோ யுவர் ஓன் வே'யில் ஸ்டீவியே பின்னால் நின்று சேர்ந்து பாடுகிறார். பதிலுக்கு ஸ்டீவி எழுதிய 'ட்ரீம்ஸ்' பாட்டில் கிடார் பக்கிங்ஹாமுடையது. கிறிஸ்டின் தன் புதிய காதலரை நினைத்து 'யூ மேக் லவிங் ஃபன்' எழுதினார். அதற்கு பேஸ் கிடார் வாசித்தது, பிரிந்துபோன கணவர் ஜான். இது யாரைப் பற்றி என்று அவர் கேட்டபோது, "என் நாயைப் பற்றி" என்று சொல்லி வைத்தாராம். இத்தனை கசப்பையும் இவ்வளவு லேசாகக் காதில் விழும்படி செய்திருக்கிறார்களே, அதை 'வெறும்' என்று எப்படிச் சொல்ல மனசு வருகிறது?

அதோடு, ஒலித்துல்லியம் பேசுபவர் நீங்கள். இதையும் கேளுங்கள். திரும்பத் திரும்ப ஓட்டி ஓட்டி, ஒரு கட்டத்தில் 'ரூமர்ஸ்' மூலப்பதிவான மாஸ்டர் டேப்பே தேய்ந்துவிட்டது. டிரம்ஸின் கூர்மை மங்கிப்போய், இன்னொரு டேப்பில் இருந்ததை இதனோடு இம்மி பிசகாமல் சேர்த்து ஓட்டி மீட்டெடுத்தார்கள். 'செகண்ட் ஹேண்ட் நியூஸ்' பாட்டில் டப் டப்பென்று ஒரு சத்தம் கேட்கும், அது ஸ்டூடியோ நாற்காலியின் சீட்டைப் பக்கிங்ஹாம் தட்டியது. வெறும் பாப்புக்கு யாரும் இப்படி மெனக்கெடுவதில்லை.

உலகமே கொண்டாடுகிறது என்கிறீர்கள். உண்மைதான். அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 'டார்க் சைட்' முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம். பட்டியலுக்குள் இருந்ததோ 1988 வரை மட்டும் 741 வாரம். 'ரூமர்ஸ்' முதலிடத்திலேயே 31 வாரம் உட்கார்ந்தது. அப்புறம், தயவுசெய்து 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையின் தலைசிறந்த 500 ஆல்பம் பட்டியலைத் துணைக்கு அழைத்துவிடாதீர்கள். 2020-இல் அதைப் புதுப்பித்தபோது 'ரூமர்ஸ்' 7-ஆம் இடத்தில், உங்கள் ஆல்பம் 55-இல். இதே பட்டியல் 2003-இல் முதலிடம் கொடுத்த பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' 24-க்கு இறங்கியது, மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' முதலிடத்துக்கு ஏறியது. பாட்டெல்லாம் அதேதான், ஓட்டுப் போட்ட ஆட்கள்தான் வேறு. (இந்தப் பத்தியை மகளிடம் காட்டாமல் இருப்பது உங்களுக்கு நல்லது.)

'டார்க் சைட்' உருவாக்கிய பிங்க் ஃபிளாய்ட்காரர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. டேவிட் கில்மோருக்கும் ரிச்சர்ட் ரைட்டுக்கும் தங்கள் ஆல்பங்களில் மிகவும் பிடித்தது 'விஷ் யூ வேர் ஹியர்'. ரோஜர் வாட்டர்ஸோ 2023-இல் 'டார்க் சைட்' முழுவதையும் மற்றவர்கள் இல்லாமல் தன் போக்கில் மறுபடி பதிவு செய்து வெளியிட்டார். பிரிட்டனில் முதலிடம் பிடித்த தங்கள் 'ஆட்டம் ஹார்ட் மதர்' ஆல்பத்தைக் கில்மோர் குப்பை என்றே சொல்லியிருக்கிறார். வாசித்தவருக்கே இவ்வளவு சுதந்திரம் இருக்கும்போது, கேட்பவருக்கு இருக்கக் கூடாதா?

'என் காதே மாறிவிட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மாற்றத்தில் ஆல்பத்துக்கு இருக்கும் பங்கு உங்கள் அன்றைய வயசுக்கும் இருக்கிறது. ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1989-இல் இதைப் பார்த்தார்கள். கேட்பவருக்கு ஏறத்தாழ 24 வயதாக இருந்தபோது பிரபலமாக இருந்த பாட்டுகள் மேல்தான் பிடிப்பு அதிகம் என்று அதில் தெரிந்தது. அந்த வயதையொட்டி உங்களுக்கு ஹாஸ்டல் அறையும் சீனியரும். உங்கள் மனைவிக்குத் துபாயிலிருந்து வந்த அண்ணன். விளக்கம் சொல்லி அந்த அண்ணனை அவர் காதிலிருந்து இறக்க உங்களால் முடியாது.

அவருக்குப் பிங்க் ஃபிளாய்ட் பிடிக்கவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. நல்ல இடம் வரும்போதெல்லாம் ஒருவர் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குப் பாட்டுக் காதில் ஏறும்? விடைத்தாள் திருத்துகிறவர் எதிரே உட்கார்ந்து பரீட்சை எழுதுவது போலத்தான் இருக்கும். நானாக இருந்தால் மிக்சியைக் கொஞ்சம் முன்னாலேயே போட்டிருப்பேன்.

எனவே விளக்கவுரையை நிறுத்துங்கள். சமையல் நேரத்தில் அவர் ஆல்பம் ஓடட்டும், உங்களுடையதைச் சாப்பிட்டு முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்பது காதில் விழும் தூரத்தில் அவர் இருந்தால் போதும். ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் கதையாகச் சொல்லுங்கள். அந்த ஆல்பத்தில் இடையிடையே வரும் பேச்சுக் குரல்களுக்காக வாட்டர்ஸ் கேள்விகளை அட்டையில் எழுதி ஸ்டூடியோவில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் பதில் வாங்கினார். பீட்டில்ஸ் புகழ் பால் மெக்கார்ட்னியின் பதில்களை ஒதுக்கிவிட்டு, அபே ரோடு ஸ்டூடியோ வாசலில் வேலை பார்த்தவரின் குரலைக் கடைசியில் வைத்தார். இதைச் சொன்னால் மனைவியே "எங்கே, போடுங்கள் பார்ப்போம்" என்று கேட்க வாய்ப்பு உண்டு. கேட்காவிட்டாலும் பாதகமில்லை.

இன்னொரு வேலை உங்களுக்கே. அந்த நல்ல ஸ்பீக்கரில் 'ரூமர்ஸ்' ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். 'தி செயின்' பாட்டில் மூன்றாவது நிமிடத்தில் எல்லாம் அடங்கி, ஜானின் பேஸ் கிடார் மட்டும் தனியாகக் கிளம்பும். ஐந்து பேர் பெயரும் சேர்ந்து வந்த ஒரே பாட்டு அதுதான். அந்த இடத்தில் உங்கள் முகத்தை மனைவி பார்க்கட்டும்.

கடிதத்தின் கடைசியில், அடுத்த மாதம் வரும் மனைவியின் பிறந்தநாளுக்கு 'டார்க் சைட்' 50-ஆம் ஆண்டுப் பெட்டியை வாங்கித் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 'ரூமர்ஸ்' ஆல்பத்தில் இடமில்லை என்று தூக்கப்பட்ட 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' என்ற ஸ்டீவி நிக்ஸ் பாட்டு 2004 மறுபதிப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அண்ணன் கொண்டுவந்த கேசட்டில் அது இருந்திருக்காது. அந்தப் பதிப்பைத் தேடி வாங்குங்கள். பிறந்தநாள் அவருக்குத்தானே?