பழ ஈ கால் வெச்சே இனிப்பைக் கண்டுபிடிக்குமா?

கேள்வி: அண்ணே, எங்க வீட்டு மேசையில ஒரு சீப்பு பீசாங் மாஸ் வாழைப்பழம் கறுத்துப்போய் கெடந்துச்சு, அதுல குட்டிக் குட்டி ஈயா மொய்க்குது. நானும் மகளும் உட்கார்ந்து பார்த்தோம். ஈ பழத்துமேல நடக்குது, திடீர்னு நின்னு வாயை நீட்டுது. வாய் வைக்கிறதுக்கு முன்னாடியே அந்த எடம் இனிப்புன்னு அதுக்கு எப்படித் தெரியும்னு மக கேட்கிறா.
- வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: தங்கச்சி, உங்க மக ரொம்பச் சரியா பார்த்திருக்கா, எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஈக்கு ருசி பார்க்கிற மயிர் வாயில மட்டும் இல்ல, காலுலயும் இருக்கு. ஒவ்வொரு மயிர் நுனியிலயும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை, பழச்சாறு அது வழியா உள்ள போய் நரம்பு செல்லைத் தொடுது, அந்த செல்லோட மேல இருக்கிற புரோட்டீன் சீனியைப் பிடிச்சதும் கதவு மாதிரி தானே தொறந்துக்கும், உடனே மூளைக்குத் தகவல் போயிடும், வாய் நீளும். நம்ம நாக்குல இனிப்பைப் பிடிக்கிற புரோட்டீன் வேற வகை, அது தானே தொறக்காது, செல்லுக்குள்ள ஒண்ணுகிட்ட சொல்லி அது இன்னொண்ணுகிட்ட சொல்லித்தான் வேலை நடக்கும்.

அந்தப் புரோட்டீனை எப்படிச் செய்யணும்ங்கிற குறிப்புதான் ஜீன். பழ ஈக்கு இந்த ருசிக் குடும்பத்துல 60 ஜீன் இருக்கு, அதுல இனிப்புக்குன்னு 9 தான். அந்த ஒம்பதுல ஒண்ணான ஜிஆர்64ஏங்கிற ஜீன் கெட்டுப்போன ஈக்கு நம்ம வீட்டுச் சீனியே சரியா ருசிக்காது. ஆனா ஜிஆர்5ஏங்கிற இன்னொரு ஜீன் கெட்டுப்போனா ட்ரெஹலோஸ்ங்கிற சீனிதான் தெரியாமப் போகும், அது ஈஸ்ட்ல நெறைய இருக்கு. உங்க பீசாங் மாஸ் கறுத்துப் புளிக்கிறப்போ அதுல வளர்றது ஈஸ்ட், பழ ஈக்கு முக்கியமான சாப்பாடே அதுதான், அதனால இந்த ஜீன் அதுக்கு எவ்வளவு தேவைன்னு பாருங்க!

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஜிஆர்43ஏ. பழச் சீனியான ஃபிரக்டோஸைக் கண்டுபிடிக்கிற ஜீன் இது, 2012ல ஆராய்ச்சி பண்ணிப் பார்த்தா ஈயோட மூளைக்குள்ளயே வேலை செய்யுது. சாப்பிட்டதும் ஈயோட ரத்தத்துல ஃபிரக்டோஸ் ஏறும், மூளை அதை ருசி பார்த்து, பசியா இருந்தா இன்னும் சாப்பிடுன்னும் வயிறு நெறைஞ்சிருந்தா போதும்னும் சொல்லும்.

இன்னொண்ணு, ஈ காலோட காலைத் தேய்க்கிறது ருசி பார்க்க இல்ல, ஒட்டின தூசியைத் துடைக்கத்தான். பழத்தைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி மகளோட இன்னொரு தடவை உட்கார்ந்து, எந்தக் கால் பட்டதும் வாய் நீளுதுன்னு பாருங்க.