மழைக்கு விழும் இஎல்சிபி: 300 வாங்கினால் தீருமா?

கேள்வி (செந்தூல் வாசகி): எங்கள் டெரஸ் வீட்டுக்கு முப்பது வயது. பலத்த மழை பெய்தால் டிபி பாக்ஸில் (மின் விநியோகப் பெட்டி) இருக்கும் இஎல்சிபி (மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடும். வெயில் அடித்தால் தூக்கிவிடலாம், நிற்கும். ஹார்ட்வேர் கடைக்காரர், “100 மில்லி ஆம்பியரைக் கழற்றிவிட்டு 300 போடுங்கள், தொல்லை தீரும்” என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த எண், எவ்வளவு கசிவுக்கு இஎல்சிபி விழும் என்பதைக் காட்டுகிறது. 300 போட்டால் அடிக்கடி விழுவது நிற்கும், ஆனால் கசிவு அப்படியே இருக்கும். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் உடம்பில் சற்று நேரம் பாய்ந்தாலே இதயத் துடிப்பு குலையலாம். அதனால்தான் மலேசியாவின் 1994 மின்சார விதிமுறைகள் ஈரமான இடத்துக்கு 10, கையில் பிடித்து இயக்கும் சாதனங்களுக்கு 30, மற்றவற்றுக்கு 100 என்று வரம்பு வைத்திருக்கின்றன. வீட்டுக்கு 300 எந்தக் கணக்கிலும் வராது.

மழைக்கு மட்டும் விழுகிறது என்றால் தண்ணீர் எங்கோ புகுகிறது. முதலில் ஆட்டோ கேட் மோட்டார், கார் நிற்குமிடத்து விளக்கு, வெளிச்சுவர் பிளக் ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள். மழை பெய்யும்போதே எல்லா எம்சிபியையும் (ஒவ்வொரு லைனுக்கும் உள்ள, அதிகச் சுமைக்கு விழும் சுவிட்ச்) இறக்கி, இஎல்சிபியை ஏற்றி, எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ பெரும்பாலும் அந்த லைனில்தான் கோளாறு.

எல்லாம் இறங்கியிருந்தும் விழுந்தால் குழம்ப வேண்டாம். சாதாரண எம்சிபி லைவ் கம்பியை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் எம்சிபி இறங்கியிருந்தாலும் இஎல்சிபி விழலாம். அப்போது வயர்மேன் நியூட்ரல் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, 500 வோல்ட் இன்சுலேஷன் மீட்டரில் (கம்பி உறையின் தடையை அளக்கும் கருவி) பார்க்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் லைனைச் சரிசெய்யாமல் விடக்கூடாது.

கேள்வி (ஜெலுத்தோங் வாசகர்): வாட்டர் ஹீட்டருக்கு 20 ஆம்பியர் எம்சிபி இருக்கிறது, வெளியே எர்த் ராடும் (மண்ணில் இறக்கிய எர்த் கம்பி) இருக்கிறது. 10 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (இஎல்சிபி என்று நாம் சொல்லும் கசிவு சுவிட்ச்தான்) எதற்கு?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் எர்த் ராடின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஹீட்டருக்குள் லைவ் கம்பி உடலைத் தொட்டால், 230 வோல்ட்டை 10 ஓமால் வகுக்க, ஓடுவது அதிகபட்சம் 23 ஆம்பியர். 20 ஆம்பியர் எம்சிபி 23க்கு உடனே விழாது. ஒரு மணி நேரம் ஆனாலும் விழாமலே இருக்கலாம். சி வகை எம்சிபி சட்டென்று விழ 100 முதல் 200 ஆம்பியர் வேண்டும். அதுவரை ஹீட்டர் உடலில் ஆபத்தான வோல்ட்டேஜ் நிற்கும், அடியில் ஒருவர் ஈர உடம்போடு நிற்பார். 10 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிக்கு அந்தக் கசிவில் துளியே போதும்.

ஆனால் ஆர்சிசிபி அதிகச் சுமைக்கு விழாது. அது எம்சிபியின் வேலை. இரண்டும் வேண்டும், எர்த்தும் வேண்டும். ராடின் குழி மூடியைத் திறந்து கிளாம்பைப் பாருங்கள். பச்சைக் களிம்பு பிடித்து மஞ்சள்-பச்சைக் கம்பி கையில் ஆடினால், எர்த் இல்லாததற்குச் சமம். இந்தக் கோளாறை நிறைய வீடுகளில் யாரும் கவனிப்பதே இல்லை.

கேள்வி: புது ஆர்சிசிபி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: சிரிம் (மலேசியத் தரச் சான்று) லேபிள் இல்லாததைத் தொடாதீர்கள். மெயின் சுவிட்ச் 63 ஆம்பியர் என்றால் ஆர்சிசிபியும் 63 இருக்கட்டும். 40 போட்டால் அதன் முனைகள் சூடேறி உருகலாம். இன்வெர்ட்டர் ஏர்கோன், வாஷிங் மெஷின் இருந்தால் ஏ வகை வாங்குங்கள். முகப்பில் அலைக்கோட்டுக்குக் கீழே அரை அலைகளும் வரைந்திருக்கும். வெறும் அலை மட்டும் இருந்தால் அது ஏசி வகை. அந்தச் சாதனங்களின் கசிவை அது கவனிக்காமல் போகலாம்.

மாட்டுவதற்குப் பதிவு பெற்ற வயர்மேனை அழையுங்கள். மாட்டியதும் அவர் முன்னாலேயே டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழவில்லை என்றால் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.