கணினி கேள்வி – பதில்: பிழையில்லாமல் படிக்கப்பட்ட கோப்பு சரியான கோப்பா?

கேள்வி: எங்கள் புத்தக விற்பனை நிலையத்துக்கு மூன்று பதிப்பகங்களிலிருந்து மாதந்தோறும் எக்ஸ்எம்எல் கோப்புகளாகப் புத்தகப் பட்டியல் வருகிறது. பைத்தான் நிரல்மொழியில், எக்ஸ்எம்எல் படிக்கும் எலிமெண்ட்ட்ரீ தொகுதி கொண்டு நான் எழுதிய ஸ்கிரிப்ட் அவற்றைப் படித்துத் தரவுத்தளத்தில் சேர்க்கிறது. சென்ற மாதம் பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் விலையே இல்லாத புத்தகங்கள் பல உள்ளே போய்விட்டன. ஸ்கிரிப்ட் இதை ஏன் கண்டுபிடிக்கவில்லை? (மதுரை வாசகர்)

பதில்: விலை இருக்கிறதா என்று பார்க்கும்படி அந்த ஸ்கிரிப்ட்டிடம் யாரும் சொல்லவில்லை என்பதே காரணம். 1998 பிப்ரவரியில் வெளியான எக்ஸ்எம்எல் 1.0 விதிமுறை இரண்டு நிலைகளைத் தனித்தனியாக வரையறுக்கிறது. தரவின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் குறியான டேக், திறந்தது ஒவ்வொன்றும் மூடப்பட்டிருக்கிறதா, ஒன்றுக்குள் ஒன்று முறையாக அடங்கியிருக்கிறதா என்பன போன்ற அமைப்பு விதிகள் முதல் நிலையைச் சேர்ந்தவை. எந்த டேக் எங்கே வரவேண்டும், எத்தனை முறை வரலாம் என்று தனியே எழுதிவைத்த விதிகளோடு கோப்பு ஒத்துப்போகிறதா என்பது இரண்டாம் நிலை. பைத்தானோடு வரும் எலிமெண்ட்ட்ரீ முதல் நிலையோடு நின்றுவிடும். அந்த விதிகளின் தொகுப்பான ஸ்கீமா ஒன்றைக் கொடுத்துச் சரிபார்க்கும் வசதி அதில் இல்லை.

ஆகவே உங்களுக்கு இரண்டு பொருள்கள் தேவை. ஒன்று, பட்டியலின் விதிகளைச் சொல்லும் ஸ்கீமா, அதாவது எக்ஸ்எஸ்டி கோப்பு. மற்றொன்று, லிப்எக்ஸ்எம்எல்2 நூலகத்தின் மீது கட்டப்பட்ட எல்எக்ஸ்எம்எல் தொகுப்பு. எக்ஸ்எஸ்டி கோப்பை முதலில் படித்து, அதிலிருந்து எக்ஸ்எம்எல்ஸ்கீமா என்னும் பொருளை ஒரே ஒரு முறை உருவாக்கிக்கொண்டு, வரும் கோப்புகளை ஒவ்வொன்றாக அதனிடம் கொடுக்க வேண்டும். வேலிடேட் என்னும் செயல்கூறு ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும். அசர்ட்வேலிட் தவறு கண்டவுடன் விதிவிலக்கை எழுப்பி ஓட்டத்தை நிறுத்திவிடும். உங்கள் வேலைக்கு முதலாவதே ஏற்றது என்பது என் கருத்து. ஏனென்றால் அது முடிந்தபின் எரர்லாக் பட்டியலில் தவறுகள் வரி எண்ணோடு கிடைக்கின்றன; அந்தப் பட்டியலை அப்படியே பதிப்பகத்துக்குத் திருப்பி அனுப்பிவிடலாம். தொலைபேசியில் விளக்கிக்கொண்டிருப்பதைவிட அது எளிது.

எக்ஸ்எஸ்டி எழுதும்போது பலரும் சறுக்கும் இடங்கள் சில உண்டு. எலிமெண்ட் (திறக்கும் டேக் முதல் மூடும் டேக் வரையுள்ள பகுதி) ஒன்றைக் குறிப்பிட்டு எண்ணிக்கை எதுவும் சொல்லாவிட்டால், அது கட்டாயம் ஒரு முறை வரவேண்டும் என்று பொருள். ஆனால் டேக்குக்குள்ளேயே எழுதப்படும் பண்பான ஆட்ரிபியூட்டைக் குறிப்பிட்டு வேறெதுவும் சொல்லாவிட்டால், அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி என்று பொருள். விலையை ஆட்ரிபியூட்டாக வைத்திருந்தால், அது கட்டாயம் என்று வெளிப்படையாக எழுதியே ஆகவேண்டும். அதேபோல் விலையின் வகையை ஸ்டிரிங் என்று விட்டுவைத்தால், டேக் இருந்து உள்ளே ஒன்றுமில்லாத கோப்பும் தேறிவிடும். டெசிமல் என்று குறித்தால் வெற்றிடம் மாட்டிக்கொள்ளும். டேக் பெயர்கள் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவை என்று காட்டும் நேம்ஸ்பேஸ் கோப்பில் இருந்து ஸ்கீமாவில் அதே நேம்ஸ்பேஸ் இல்லாவிட்டால், முதல் டேக்கிலேயே அதற்கான அறிவிப்பைக் காணோம் என்று செய்தி வரும். அதைக் கண்டு கோப்பு முழுவதும் கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம். கோப்பைச் சாதாரண உரையாகப் படித்துக் கொடுத்தால், தலைப்பில் என்கோடிங் (எழுத்துகள் பைட்டுகளாகச் சேமிக்கப்படும் முறை) குறிப்பு இருக்கும் பட்சத்தில் எல்எக்ஸ்எம்எல் அதை ஏற்காது. பைனரி முறையில் திறந்து பைட்டுகளாகவே கொடுங்கள்.

கழிவு விலை அசல் விலையைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது போல ஒரு மதிப்பை மற்றொன்றோடு ஒப்பிடும் விதிகளுக்கு எக்ஸ்எஸ்டி 1.0 இல் வழியில்லை. 2012 இல் வந்த 1.1 பதிப்பில் அதற்கு வழியுண்டு. ஆனால் எல்எக்ஸ்எம்எல் 1.1 ஐ அறியாது, எக்ஸ்எம்எல்ஸ்கீமா என்ற பெயரிலேயே உள்ள தனித் தொகுப்பு அறியும். இரண்டு மூன்று விதிகள்தாம் என்றால், பைத்தானிலேயே சாதாரண நிபந்தனையாக எழுதிவிடுவது மேல்.

கேள்வி: ஆசிரியர் பெயருக்கு எங்கள் ஸ்கீமாவில் 15 எழுத்து என்று வரம்பு வைத்திருக்கிறோம். ஒன்பதே எழுத்துள்ள ‘மீனாட்சிசுந்தரம்’ என்ற பெயர் நீளம் மிகுந்துவிட்டதாக மறுக்கப்படுகிறது. இது மென்பொருளின் பிழையா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: பிழையில்லை. நாம் ‘மீ’ என்பதை ஓர் எழுத்தாக எண்ணுகிறோம். யூனிகோடில் அது மகரமும் ஈகாரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். புள்ளியும் தனிக் குறியீடுதான். அந்தக் கணக்கில் இந்தப் பெயர் 16 குறியீடுகள் நீளமுடையது; எக்ஸ்எஸ்டியின் நீள வரம்பு குறியீடுகளைத்தான் எண்ணுகிறது. ‘தமிழ்’ என்பதே அதற்கு ஐந்து. பைத்தானின் லென் செயல்கூறும் இதே விடையைத் தருவதால், இருக்கும் பெயர்களை முதலில் அதைக்கொண்டு அளந்து பார்த்து வரம்பை வையுங்கள்.

இன்னொன்று: ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, எண்ணிக்கை மாறும். யூனிகோட்டேட்டா தொகுதியில் உள்ள நார்மலைஸ் செயல்கூறைக் கொண்டு பிரிந்த குறியீடுகளை ஒன்றுசேர்க்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றியபின் சரிபார்ப்பது நல்லது.

ஆண்டுக்கு நான்கு இலக்கம் என்று, ஏதேனும் ஓர் இலக்கத்தைக் குறிக்கும் \d குறியைப் பயன்படுத்தியிருந்தால் அதையும் கவனியுங்கள். ஸ்கீமாவில் அந்தக் குறி எல்லா மொழிகளின் பதின்ம இலக்கங்களையும் ஏற்கும். ‘௨௦௨௪’ என்று யாரேனும் தமிழ் எண்ணில் எழுதியனுப்பினால் தேறிவிடும். பைத்தானின் இன்ட் அதையும் எண்ணாக மாற்றிவிடும் என்பது நமக்கு மகிழ்ச்சியே என்றாலும், மதிப்பை உரையாகவே எடுத்துச் செல்லும் அடுத்த மென்பொருளிடம் அதே பரிவை எதிர்பார்க்க முடியாது. 0 முதல் 9 வரை என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

கேள்வி: வெளியாரிடமிருந்து வரும் கோப்பை ஸ்கீமாவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் அது பாதுகாப்பானது என்று கொள்ளலாமா? (கோவை வாசகர்)

பதில்: கொள்ள முடியாது. கோப்பைப் படித்தபிறகுதான் ஸ்கீமாவுக்கே வேலை. ஆபத்து படிக்கும்போதே நேரலாம். கோப்பின் தொடக்கத்தில் என்டிட்டி என்னும் சுருக்கப் பெயர்களை அறிவித்து, ஒன்று மற்றொன்றைப் பத்துமுறை அழைக்கும்படி அடுக்கிக்கொண்டே போனால், ஒரு கிலோபைட்டுக்கும் குறைவான கோப்பு நினைவகத்தில் ஜிகாபைட் கணக்கில் விரியும். இதே வழியில் சர்வரில் உள்ள வேறு கோப்புகளைப் படிக்கவும் முயல்வார்கள். கோப்பைப் படிக்கும் எல்எக்ஸ்எம்எல் பார்சரை உருவாக்கும்போதே என்டிட்டிகளை விரிக்கும் வசதியையும் வலைத்தொடர்பையும் நிறுத்திவையுங்கள். புத்தகப் பட்டியல் போன்ற கோப்புக்கு, என்டிட்டிகளை அறிவிக்கும் பகுதியான டிடிடி அறிவிப்பே தேவையில்லை என்பதால், அது இருக்கும் கோப்பை நேராகத் திருப்பி அனுப்பிவிடலாம்.