வரைபடத்துல இல்லாத ஏரி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: செங்கல்பட்டு பக்கம் ஒரு மனை பாத்திருக்கோம். அப்ரூவல் எல்லாம் பக்காவா இருக்குன்னு பேப்பர் காட்டுறாங்க, கூகுள் மேப்ல பாத்தாலும் வெறும் காலி நிலம்தான் தெரியுது. ஆனா பக்கத்து டீக்கடைல ஒரு பெரியவர் "இது ஏரி உள்வாய் ஆச்சேம்மா"ன்னு சொல்லிட்டாரு. அதுலேர்ந்து தூக்கமே வரல. வீட்ல இருந்தே சரிபாக்க வழி இருக்கா சார்? (வாசகி, தாம்பரம்)

பதில்: அந்த பெரியவர் சொன்னத லேசா எடுத்துக்காதீங்கம்மா. உள்வாய்னா கரைக்கு உள்ள ஏரித் தண்ணி தேங்கற எடம். கூகுள் மேப்ல சேட்டிலைட் வியூ போட்டா நீங்க பாக்குறது நேத்து எடுத்த படம் இல்ல, மேகம் இல்லாத ஏதோ ஒரு நாள்ல எடுத்த படம், நம்ம ஊர்ல மேகம் இல்லாத நாள்னா பெரும்பாலும் மழை இல்லாத மாசம்தான். நம்ம ஏரிங்க நிறையறது அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு பருவமழைல, ஏப்ரல் மே வந்தா பாதி ஏரி காஞ்சு கெடக்கும், பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க, சீமைக் கருவேலம் மண்டிக் கெடக்கும். அந்த நேரத்து படத்த பாத்துட்டு இது காலி நிலம்னு யார் வேணா சொல்லிடலாம். அதனால படத்த பாத்த உடனே இது எந்த மாசம் எடுத்ததுன்னு கேளுங்க.

கம்ப்யூட்டர்ல கூகுள் எர்த் ப்ரோ போட்டுக்கங்க, இலவசம்தான். மேல கடிகாரம் மாதிரி ஒரு ஐகான் இருக்கும், அத தட்டினா பழைய படங்க வரிசையா வரும். மழைக்காலத்துக்கு பக்கத்துல இருக்கற தேதியா பாத்து நிறுத்தி பாருங்க, முக்கியமா 2015, 2021, 2023 வெள்ளத்துக்கு அப்புறம் வந்த படங்க. ஜனவரி பிப்ரவரில எடுத்தது கிடைச்சா ரொம்ப நல்லது, வானம் தெளிஞ்சிருக்கும், ஏரில தண்ணியும் நிக்கும்.

அதுல தெளிவா தெரியலன்னா ஐரோப்பாக்காரங்களோட கோப்பர்நிகஸ் பிரவுசர் இருக்கு. சென்டினல் 2 சேட்டிலைட் படம் அதுல வரும், படத்துல ஒரு புள்ளின்னா தரைல 10 மீட்டர், சுமார் 5 நாளைக்கு ஒரு தடவ புதுப் படம். சென்டினல் 1 ரேடார்ல வேல செய்யுது, மேகம் மூடியிருந்தாலும் கீழ தண்ணி நிக்கறது கருப்பா தெரியும், வெள்ளத்தப்ப எடுத்த படம் அதுலதான் கெடைக்கும். 1984லேர்ந்து அமெரிக்காவோட லேண்ட்சாட் சேட்டிலைட் எடுத்த படங்கள வச்சு எந்த எடத்துல எவ்ளோ அடிக்கடி தண்ணி நின்னுச்சுன்னு காட்ற குளோபல் சர்ஃபேஸ் வாட்டர்னு ஒரு மேப்பும் இருக்கு. ஆனா அதுல ஒரு புள்ளின்னா தரைல 30 மீட்டர், மழை நாள்ல மேகத்தால தவறிப்போனதும் நிறைய, அதனால அதுல நீலம் தெரிஞ்சா நம்புங்க, தெரியலன்னா தண்ணியே நின்னதில்லன்னு முடிவு கட்டிடாதீங்க.

இதெல்லாத்தையும் விட நான் மொதல்ல பாக்கறது கரைதான். தண்ணி போனாலும் கரை அவ்ளோ சீக்கிரம் மறையாது. செங்கல்பட்டு காஞ்சிபுரம் பக்கம் நிலம் மேற்கேர்ந்து கிழக்கா சரியுது, அதனால ஏரிக்கரை பெரும்பாலும் கிழக்கு பக்கமா பிறை மாதிரி வளைஞ்சு நிக்கும், மேலேர்ந்து பாத்தா வரிசையா மரம் வச்ச ஒரு வளைவு தெரியும், சில எடத்துல அதையே ரோடா ஆக்கியிருப்பாங்க. உங்க மனை அந்த வளைவுக்கு உள்பக்கம் இருந்தா பெரியவர் சொன்னது சரி. வெளிப்பக்கம் இருந்தாலும் கலங்கல் எங்க இருக்குன்னு தேடுங்க, ஏரி நிறைஞ்சா உபரித் தண்ணி வழியற எடம் அது, அங்கேர்ந்து அடுத்த ஏரிக்கு போற வாய்க்கால் உங்க மனைய ஒட்டிப் போகுதான்னு பாருங்க. நம்ம ஏரிங்க தனித்தனியா இல்லம்மா, மேல் ஏரி நிறைஞ்சு கீழ் ஏரிக்கு கொடுக்கற சங்கிலி, நடுவுல ஒரு வாய்க்கால மூடிட்டா அந்த தண்ணி வீட்டுக்குள்ளதான் வரும்.

அடுத்து பேப்பர். சர்வே நம்பர வாங்கி தமிழ்நாடு அரசோட இ-சர்வீசஸ் சைட்ல அ-பதிவேடும் (நிலம் என்ன வகைன்னு சொல்ற பதிவு) புலப்படமும் (அந்த சர்வே நம்பரோட அளவு வரைபடம்) எடுங்க. ஏரி, ஓடை, வாய்க்கால், புறம்போக்குன்னு எது போட்டிருந்தாலும் அங்கயே நின்னுடுங்க. உங்க நம்பர் மட்டும் போதாது, சுத்தி இருக்கற நம்பர்களையும் பாருங்க. சர்வே ஆஃப் இந்தியாவோட 1:50,000 டோப்போ ஷீட்டும், அதாவது நில அமைப்பு வரைபடமும் பாக்கலாம், பழைய ஷீட்ல ஏரியும் கரையும் கோடு கோடா இருக்கும்.

பள்ளிக்கரணை கண்ணு முன்னாடி இருக்கே. தென்சென்னையோட ஏகப்பட்ட ஏரித் தண்ணி அந்த சதுப்புல வந்து நின்னு ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய்க்கும் அங்கேர்ந்து கோவளம் முகத்துவாரத்துக்கும் போகணும். சதுப்ப எந்தப் பக்கமும் விடாம சுருக்கிட்டோம், பெருங்குடி குப்பை மேடும் அதுக்குள்ளதான் வளந்துச்சு. 2022ல உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களோட ராம்சார் பட்டியல்ல சேத்தப்ப எல்லையா வந்தது சுமார் 1,248 ஹெக்டேர். அங்க கட்டின எல்லாத்துக்கும் அப்ரூவல் இருந்துச்சா இல்லையான்னு தண்ணி கேக்காது. உள்வாய்னு உறுதியானா அட்வான்ஸ் போனாலும் பரவால்லன்னு விட்டுடுங்கம்மா, இது என் உறுதியான கருத்து.

கேள்வி: இந்தியக் கடற்கரை 7,516 கிலோமீட்டர்னு படிச்சேன். இப்ப 11,098னு சொல்றாங்க. டிஎன்பிஎஸ்சில எத எழுதறது, எப்படி திடீர்னு 3,500 கிலோமீட்டர் கூடுச்சு? (வாசகர், விழுப்புரம்)

பதில்: நிலம் கூடல தம்பி, அளந்த ஸ்கேல் மாறிடுச்சு. 7,516.6ங்கறது 1970கள்ல 1:45,00,000 ஸ்கேல் மேப்ப வச்சு எடுத்த கணக்கு, அந்த மேப்ல ஒரு சென்டிமீட்டர்னா தரைல 45 கிலோமீட்டர், முகத்துவாரம், கழிமுகம், சின்ன விரிகுடா எல்லாம் ஒரே கோட்டுல அமுங்கிப் போயிடும். புது கணக்கு 1:2,50,000 ஸ்கேல்ல எடுத்தது, ஒவ்வொரு வளைவுக்குள்ளயும் நுழைஞ்சு வந்திருக்காங்க, அதான் 11,098.81. மேற்கு வங்கத்த பாருங்க, சுந்தரவனத்து கிளையாறுங்கள எண்ண ஆரம்பிச்ச உடனே 157லேர்ந்து 721 ஆயிடுச்சு. நம்ம தமிழ்நாட்டு கரை ஓரளவு நேரா ஓடுறதால 906.9லேர்ந்து 1,068.69தான். இன்னும் நுணுக்கமான மேப் வச்சு அளந்தா இன்னும் கூடும், இதுக்கு முடிவான நம்பர்னு ஒன்னு கெடையாது. பரீட்சைக்கு உங்க பாடத்திட்டத்துல என்ன நம்பர் இருக்கோ அத எழுதுங்க, பக்கத்துலயே எந்த ஸ்கேல்னும் ஞாபகம் வச்சுக்கங்க.

கேள்வி: எங்க ஊர் பீச்ல நின்னு போன்ல ஜிபிஎஸ் ஆப்ப திறந்தா உயரம் மைனஸ் 88 மீட்டர்னு காட்டுது. சுனாமி பாத்த ஊர் சார், பயமா இருக்கு. நாங்க கடலுக்கு கீழயா இருக்கோம்? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: இல்லைங்க, பயப்படவே வேண்டாம். ஜிபிஎஸ்ஸுக்கு கடல் எங்க இருக்குன்னே தெரியாது. பூமிய வழவழப்பான ஒரு நீள்வட்ட உருண்டையா கணக்குல வச்சுக்கிட்டு அதுலேர்ந்து உங்க உயரத்த சொல்லுது. நிஜக் கடல் மட்டம் ஈர்ப்பு விசைய பொறுத்து ஏறி இறங்கி இருக்கும், உலகத்துலயே அது ரொம்ப தாழ்ந்து இருக்கறது நம்ம பக்கத்து இந்தியப் பெருங்கடல்லதான், இலங்கைக்கு தெற்கே அந்த கணக்கு உருண்டைய விட சுமார் 106 மீட்டர் கீழ. பூமிக்குள்ள ஆழத்துல ஆப்பிரிக்கா பக்கத்துலேர்ந்து வர்ற சூடான லேசான பாறைதான் காரணம்னு 2023ல பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து விஞ்ஞானிங்க விளக்கம் சொன்னாங்க. தமிழ்நாட்டு கரையும் அந்த பள்ளத்தோட சரிவுல இருக்கறதால கடல் ஓரத்துல நின்னா மைனஸ் 80க்கும் கீழதான் வரும். சில ஆப் இத திருத்திக் காட்டும், சிலது அப்படியே கக்கிடும்.

நிஜ உயரம் வேணும்னா ரயில்வே ஸ்டேஷன் மஞ்சள் போர்டுல எம்எஸ்எல்னு போட்டிருக்கும் பாருங்க, அதான் சராசரி கடல் மட்டத்துலேர்ந்து கணக்கு. 1909ல அந்த மட்டத்த முடிவு பண்ண கடல் ஏற்ற இறக்கத்த அளந்த 9 துறைமுகங்கள்ல உங்க நாகப்பட்டினமும் ஒன்னு. இன்னொன்னு, போன் உயரத்துல 10 மீட்டருக்கு மேல கூட தப்பு வரலாம், அத நம்பி வீட்டுக்கு பேஸ்மென்ட் லெவல் வச்சுடாதீங்க. கொத்தனார்கிட்ட டியூப்ல தண்ணி விட்டு லெவல் பாக்க சொல்லுங்க, அது ஏமாத்தாது.

கேள்வி: எங்க கண்மாய் மேப்லயே இல்ல. பேர் கூட இல்ல. நாங்களே சேக்க முடியுமா? (வாசகி, சிவகங்கை மாவட்டம்)

பதில்: தாராளமா சேக்கலாம், இந்த மாச கேள்விலயே எனக்கு ரொம்ப சந்தோஷம் கொடுத்தது இதுதான். ஓபன் ஸ்ட்ரீட் மேப்னு 2004ல இங்கிலாந்துல ஆரம்பிச்ச மேப், யார் வேணா அக்கவுண்ட் போட்டு வரையலாம். 2010ல ஹைதி பூகம்பத்தப்ப உலகம் பூரா உக்காந்துட்டு தன்னார்வலருங்க அந்த ஊர் தெருக்கள அதுல வரைஞ்சாங்க, 2015 சென்னை வெள்ளத்தப்பவும் எந்த தெருல தண்ணி நிக்குதுன்னு மக்களே இந்த மேப்ப அடிப்படையா வச்சு குறிச்சாங்க.

எடிட்ட தட்டினா பின்னாடி சேட்டிலைட் படம் வரும், அதுமேல கரைய ஒட்டி கண்மாய வரைஞ்சு தண்ணின்னு குறிங்க. வருஷம் பூரா தண்ணி நிக்காதுன்னா பருவத்துக்கு மட்டும்னு குறிக்க ஒரு ஆப்ஷன் இருக்கு, அத மறக்காம போடுங்க, இல்லன்னா கோடைல பாத்த யாராவது இங்க தண்ணியே இல்லன்னு அழிச்சுடுவாங்க. மடை, கலங்கல், வரத்துக்கால், ஊருணி எல்லாத்தையும் போடுங்க. பேர ஊர்ப் பெரியவங்ககிட்ட, முக்கியமா மடை திறந்து விடறவர்கிட்ட கேட்டு தமிழ்லயே எழுதுங்க. கூகுள் மேப்லேர்ந்து மட்டும் காப்பி அடிச்சுடாதீங்க, அது அனுமதி இல்லாத விஷயம்.

பறவைங்க கூடு கட்டுற மரம் இருந்தா அத மட்டும் குறிக்காதீங்க, வேட்டையாடறவங்களுக்கு வழி காட்டின மாதிரி ஆயிடும். உங்க மாவட்டத்து வேட்டங்குடில பறவைக்காக தீபாவளிக்கு வெடியே வெடிக்காத ஊர்க்காரங்க இருக்காங்க, அங்க காவலுக்கு ஊரே நிக்குது, எல்லா கண்மாய்க்கும் அப்படி இல்ல. கண்மாய் நிறைஞ்சதும் ஜனவரி வாக்குல கரையோரமா ஒரு சுத்து நடந்து, தண்ணி எதுவரைக்கும் நிக்குதுன்னு போன்ல ட்ராக் எடுத்து அந்த எல்லைய வரைஞ்சீங்கன்னா ரொம்ப துல்லியமா வரும்.