தேசிய விருதுக்குப் பாடலாசிரியரே விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: சின்ன பட்ஜெட் படம் ஒன்றில் இரண்டு பாட்டு எழுதியிருக்கிறேன். படம் போன டிசம்பரில் சென்சார் ஆகி, இந்த ஜனவரியில் வெளியானது. சிறந்த பாடல் வரிகளுக்கான தேசிய விருதுக்கு நானே நேரடியாக அனுப்ப முடியுமா? தயாரிப்பாளரைக் கேட்டால் "பார்க்கலாம் தம்பி" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். என்ன செய்வது?

பதில்: நேரடியாக அனுப்ப முடியாது. தேசியத் திரைப்பட விருதுகளில் போட்டிக்குப் போவது பாட்டு அல்ல, படம். அதை அனுப்பும் உரிமை தயாரிப்பாளருக்கு அல்லது படத்தின் உரிமையாளருக்கு. அவர் படத்தைப் பதிவு செய்தால்தான் அதிலுள்ள பாட்டு, ஒளிப்பதிவு, நடிப்பு எல்லாமே நடுவர்கள் கண்ணில் படும். ஆகவே உங்கள் முதல் வேலை அந்த "பார்க்கலாம் தம்பி"யைத் தாண்டுவது. அதற்கு முன் தேதியைச் சரிபாருங்கள்.

இந்த விருதுக்குக் கணக்கில் வருவது வெளியீட்டுத் தேதி இல்லை, தணிக்கைச் சான்றிதழில் உள்ள தேதி. ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை சான்றிதழ் பெற்ற படங்கள் ஒரு தொகுதி. 2023-இல் சான்றிதழ் பெற்ற படங்களுக்கான 71-ஆவது விருதுகள் 2025 ஆகஸ்டில்தான் அறிவிக்கப்பட்டன என்பதைப் பார்த்தால் இடைவெளி புரியும். உங்கள் படம் ஜனவரியில் ஓடினாலும் டிசம்பரில் சென்சார் ஆனதால் போன ஆண்டுக் கணக்கில்தான் சேரும். படம் தொடங்கும் முன் திரையில் காட்டப்படும் சான்றிதழிலேயே தேதி இருக்கும். அந்த ஆண்டுக்கான கடைசி நாள் தவறினால், அடுத்த ஆண்டுக்கு எடுத்துப் போக வழியில்லை. பல சின்னப் படங்கள் கோட்டை விடுவது இங்கேதான்: "இந்த வருஷம்தானே ரிலீஸ், அடுத்த வருஷம் அனுப்பிக்கலாம்" என்று இருந்துவிடுகிறார்கள். தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் அறிவிப்பை நீங்களே கவனித்து, வந்த அன்றே தயாரிப்பாளருக்கு அனுப்பிவையுங்கள்.

ஓடிடியில் நேரடியாக வந்த படம் என்றாலும் தணிக்கைச் சான்றிதழ் இருந்தால் தடையில்லை. 2020-ஆம் ஆண்டுக்கான விருதுகளில் ஐந்தை வென்ற 'சூரரைப் போற்று' அப்படி வந்த படம்தான். ஆல்பம் பாட்டு, சீரியல் பாட்டு, குறும்படப் பாட்டு இவற்றுக்கெல்லாம் இந்தப் பிரிவில் இடமில்லை. வேற்றுமொழிப் படத்தின் டப்பிங்குக்கு எழுதிய பாட்டுக்கும் அப்படியே.

தயாரிப்பாளர்கள் தயங்குவது பெரும்பாலும் வெறுப்பினால் அல்ல, வேலைச் சுமையினால். படம் வெளியாகிக் கணக்கு முடிந்த பிறகு படிவம் நிரப்ப, பிரதி அனுப்ப ஆள் இருக்காது. ஆகவே "அனுப்புங்கள்" என்று கேட்காமல் "நான் தயார் செய்து தருகிறேன், கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்று கேளுங்கள். இயக்குநரையும் இசையமைப்பாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; படம் போனால் அவர்களுக்கும் வாய்ப்புதான்.

தயார் செய்ய வேண்டியவற்றில் முக்கியமானது ஆங்கில சப்டைட்டில். படம் அது இல்லாமல் போகக் கூடாது. ஆனால் தமிழ்ப் படங்களில் வசனத்துக்கு மட்டும் சப்டைட்டில் போட்டுவிட்டுப் பாட்டு வரும்போது திரையைச் சும்மா விட்டுவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நடுவர் குழு இரண்டு அடுக்கு. முதலில் மண்டலக் குழு. தமிழும் மலையாளமும் ஒரே தென்மண்டலக் குழுவில் வரும். அங்கே தமிழ் தெரிந்தவர் இருப்பார். அங்கிருந்து மேலே போகும் படத்தை மத்தியக் குழு பார்க்கும்போது, பல மொழிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு உங்கள் எதுகையும் மோனையும் போய்ச் சேராது. காட்சியும் உவமையும் சேரும், அதுவும் சப்டைட்டில் இருந்தால்.

ஓர் உதாரணம். "கூரை ஒழுகுது, குண்டான் தாளம் போடுது" என்று ஒரு வரி இருக்கட்டும். அவசரத்தில் செய்பவர் "மழை பெய்கிறது, தாளம் கேட்கிறது" என்று ஆங்கிலத்தில் போட்டுவிடுவார். கூரையும் போயிற்று, குண்டானும் போயிற்று. வீட்டின் ஏழ்மையே வரியிலிருந்து காணாமல் போயிற்று. ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைத்திருக்கிறார்கள் என்பது ஆங்கிலத்தில் வந்தாக வேண்டும். தாளம் என்ற சொல் விழுந்தாலும் பரவாயில்லை.

அதனால் மொழிபெயர்ப்பாளரிடம் பாட்டை மட்டும் கொடுக்காதீர்கள். வரிக்கு வரி பொழிப்புரை எழுதிக் கொடுங்கள்: வட்டாரச் சொல்லுக்குப் பொருள், எந்தச் சொல்லை விடவே கூடாது, எதை விட்டாலும் நஷ்டமில்லை. திரையில் இடம் குறைவு. பரவலாகப் பின்பற்றும் அளவு, ஒரு வரிக்கு இடைவெளி உட்பட சுமார் 42 ஆங்கில எழுத்து, ஒரே நேரத்தில் இரண்டு வரி, ஆறேழு விநாடிக்கு மேல் நிற்காமல் மாறுவது. மெலடிக்கு இது தாராளம். குத்துப் பாட்டுக்குப் போதாது. அங்கே இரண்டு வரியை ஒன்றாகச் சுருக்க வேண்டியிருக்கும், எதைச் சுருக்குவது என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். ஆங்கிலத்திலும் எதுகை வரவேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். எதுகைக்காகப் பொருளை வளைத்த சப்டைட்டில், சப்டைட்டில் இல்லாததைவிட மோசம்.

அடுத்தது டைட்டில் கார்டு. விண்ணப்பத்தில் எழுதும் பெயரும் படத்தில் வரும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பாடலாசிரியர்கள் நாலு பேர் என்றால் "பாடல்கள்" என்று போட்டு நாலு பெயரையும் வரிசையாகப் போட்டுவிடுவார்கள். எந்தப் பாட்டு யாருடையது என்பது தெரியாது. பாட்டின் முதல் அடி, எழுதியவர், படத்தில் வரும் நேரம் மூன்றும் உள்ள பட்டியலை இயக்குநரின் கையெழுத்தோடு வாங்கி வையுங்கள். யூடியூபிலும் ஆடியோ தளங்களிலும் பெயர் தவறாக இருந்தால் இப்போதே திருத்தச் சொல்லுங்கள். பல்லவி நாட்டுப்புறப் பாட்டிலிருந்தோ பக்தி இலக்கியத்திலிருந்தோ எடுத்தது என்றால் மறைக்க வேண்டாம். பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட நீங்களே சொல்லிவிடுவது மேல்.

இன்னொன்று: சான்றிதழ் பெற்ற வடிவத்தில் உங்கள் பாட்டு முழுதாக இருக்கிறதா? படத்தின் நீளத்தைக் குறைக்க முதலில் கத்தரி விழுவது இரண்டாவது சரணத்தில். ஆடியோவில் மட்டும் இருக்கும் சரணத்தை நடுவர்கள் படத்தில் பார்க்கப் போவதில்லை.

சின்னப் படம் என்று தயங்க வேண்டாம். 1968-ஆம் ஆண்டுப் படங்களுக்கு இந்த விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது 'குழந்தைக்காக' படத்துக்காகப் பெற்றவர் கண்ணதாசன். வைரமுத்து ஏழு முறை பெற்றிருக்கிறார்; அதில் 'தென்மேற்குப் பருவக்காற்று' பிரம்மாண்டப் படமல்ல. நா. முத்துக்குமார் 2013, 2014 ஆண்டுகளுக்கு அடுத்தடுத்துப் பெற்ற 'தங்க மீன்கள்', 'சைவம்' இரண்டும் குடும்பக் கதைகள். பரிசு வெள்ளித் தாமரையும் 2 லட்ச ரூபாயும். 70-ஆவது விருதுக்கு முன்பு வரை தொகை 50,000.

இதெல்லாம் செய்தும் தயாரிப்பாளர் அனுப்பவில்லை என்றால் அவரைக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் வழி கிடையாது. படத்தில் பெயர் போடாமல் விட்டிருந்தால் மட்டும் கதை வேறு. எழுதியவன் நான் என்று சொல்லும் உரிமை, வரிகளை விற்ற பிறகும் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி உங்களிடமே இருக்கிறது. அடுத்த படத்தின் ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: டைட்டில் கார்டில் பாட்டுவாரியாகப் பெயர், தகுதியுள்ள ஆண்டில் தயாரிப்பாளர் தம் செலவில், பாடல்களுக்கும் ஆங்கில சப்டைட்டிலோடு, படத்தைத் தேசிய விருதுக்கு அனுப்புவார். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் கேளுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் மறுபடியும் "பார்க்கலாம் தம்பி"தான்.