விழுந்த பிறகு, குதிரை வேகமெடுத்தாலே உடல் விறைக்கிறது என்றால்

கேன்ட்டரை (குதிரையின் மிதமான பாய்ச்சல் ஓட்டத்தை) இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பயம் போனபின் ஏறலாம் என்று மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். குதிரையின் நடையிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.

உடல் விறைக்கிறது என்றால், பெரும்பாலும் பயத்தில் மூச்சைப் பிடித்து முழங்காலால் சேணத்தை இறுக்குகிறீர்கள். இறுக்கினால் நீங்கள் சேணத்திலிருந்து மேலே எழும்புவீர்கள், உடல் முன்னால் சாயும், நிலை போகும். கால் அழுத்தத்தைச் சில குதிரைகள் 'இன்னும் வேகமாக' என்றே எடுத்துக்கொள்ளும். அதன்மேல் தப்பில்லை!

ஒரு சோதனை: பயிற்சியாளர் நீளக் கயிற்றில் குதிரையைப் பிடித்திருக்க, அது நடக்கும்போது மேலே உட்கார்ந்தபடி சத்தமாகப் பேசுங்கள். பேச்சு நின்றால் மூச்சும் நின்றிருக்கிறது. தடையின்றிப் பேச வந்தால் பத்துக் காலடி ட்ராட் (மெல்லோட்டம்), அப்புறம் மீண்டும் நடை.

விழுந்தபோது தலை அடிபட்டதா? தலைவலி, கிறுகிறுப்பு இருந்தால் முதலில் மருத்துவர். அடிவாங்கிய ஹெல்மெட்டை, விரிசல் தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள்.